வெள்ளாட்டுக்கு என்ன கோளாறு? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

ஆடு ஓரமாக ஒதுங்கி நின்றால் நம் ஊரில் கை முதலில் போவது புழு மருந்துப் பாட்டிலுக்குத்தான். கழிந்தாலும் புழு மருந்து, மெலிந்தாலும் புழு மருந்து, இருமினாலும் அதே. அது சில நேரம் பலிக்கிறது. அதனால்தான் பழக்கம் விடமாட்டேன் என்கிறது. பலிக்காத நேரத்தில் ஒரு நாள் வீணாகிறது. வெள்ளாட்டு நோய்கள் பலவற்றில் நமக்குக் கிடைப்பதே அந்த ஒரு நாள்தான். கன்னி, கொடி, சேலம் கருப்பு, தலைச்சேரி, இவற்றின் கலப்பு என்று எதை வளர்த்தாலும் கீழே இருப்பது பொருந்தும்.

எதையும் ஊற்றும் முன் ஐந்து நிமிடச் சோதனை

மருந்துக்கடையில் மனிதர்களுக்கு விற்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரே போதும். நுனியில் எண்ணெய் தடவி ஆசனவாய்க்குள் விட்டு, உள்சுவரில் படும்படி சாய்த்துப் பிடியுங்கள். புழுக்கைக்குள் குத்தி நின்றால் அளவு தப்பாக வரும். 101.5 முதல் 104 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. வெயிலில் மேய்ந்து வந்த ஆட்டுக்கு 104 காட்டினால் காய்ச்சல் என்று முடிவு கட்டாமல், நிழலில் ஒரு மணி நேரம் நிறுத்தி மறுபடி பாருங்கள். 100க்குக் கீழே போயிருந்தால் அது காய்ச்சலைவிட மோசம்.

அடுத்து கீழ் இமை. கட்டைவிரலால் கீழே இழுத்து, வெளிச்சத்தில் உள்பக்க நிறத்தைப் பாருங்கள். பிறகு இடது வயிறு. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி ஒரு நிமிடம் வையுங்கள். உள்ளே இரைப்பை உருண்டு கையைத் தள்ள வேண்டும். நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை. ஒன்றுமே இல்லையென்றால் செரிமானம் நின்றுவிட்டது. கடைசியாகப் புழுக்கை: உருண்டையாக இருக்கிறதா, ஒட்டிக் கட்டியாக வருகிறதா, கூழாக இருக்கிறதா, சளியோ இரத்தமோ இருக்கிறதா.

எடையும் தெரிய வேண்டும், ஏனென்றால் மருந்தளவு எல்லாம் எடைக்குத்தான். தராசு இல்லாவிட்டால் தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள் முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனை வரை நீளம் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோ. சுற்றளவு 24, நீளம் 22 என்றால் 24 × 24 × 22 = 12,672; வகுத்தால் 19 கிலோ. கண்ணால் மதிப்பிட்டவர்கள் இதே ஆட்டை 14 என்றும் சொல்வார்கள், 25 என்றும் சொல்வார்கள்.

தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்குகிறது

தொட்டால் தண்ணீர்ப் பை போலக் கொழகொழவென்று இருக்கும். மேய்ந்து திரும்பும் மாலையில் பெரிதாகவும், மறுநாள் காலையில் சிறுத்தும் இருக்கும். ‘காலையில் சரியாகிவிட்டது’ என்று பலர் ஏமாறுவது இங்கேதான். நாள் முழுக்கத் தலையைக் கீழே போட்டு மேய்ந்ததால் இறங்கிய நீர், இரவில் ஆடு படுத்ததும் பரவிவிடுகிறது; அவ்வளவுதான். இரத்தத்தில் புரதம் குறைந்துவிட்டது என்பதுதான் இதற்குப் பொருள். புரதம் எங்கே போனது என்பதை இமையும் புழுக்கையும் சொல்லும்.

இமை காகிதம் போல வெளுத்து, புழுக்கை நன்றாக உருண்டையாகவே இருந்தால் ஹீமாங்கஸ் என்ற உருளைப்புழு. நான்காம் இரைப்பையின் சுவரைப் பற்றிக்கொண்டு இரத்தம் குடிப்பது இதன் தொழில். ஒரு புழு ஒரு நாளைக்குச் சுமார் 0.05 மி.லி. குடிக்கும். கேட்டால் சிறியது, 1,000 புழு இருந்தால் தினம் 50 மி.லி. இரத்தம் காலி. 15 கிலோ குட்டி அதை எத்தனை நாள் தாங்கும்? இந்தப் புழுவுக்குக் கழிச்சல் பெரும்பாலும் வராது. கழியவில்லையே, புழு எப்படி இருக்கும் என்று கேட்பவர்களின் ஆடுதான் திடீரென்று விழுகிறது.

இமையும் வெளிறி, கூடவே நாற்றமடிக்கும் நீர்க் கழிச்சலும் இருந்து, ஆடு ஏரி உள்வாயிலோ வாய்க்கால் ஓரத்திலோ மேய்ந்திருந்தால் தட்டைப்புழுவைச் சந்தேகியுங்கள். நத்தை வழியாக வரும் புழு இது. வழக்கமான புழு மருந்தான அல்பெண்டசோல் இரைப்பைத் தட்டைப்புழுவின் குஞ்சுகளைக் கொல்லாது, ஆக்ஸிக்ளோசனைடு வேண்டும். ஒரே வீக்கம், இரண்டு வேறு மருந்து.

கட்டி கெட்டியாக, காதுக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அது நிணநீர்க் கட்டி. அதைப் பட்டிக்குள் வைத்துக் கீறாதீர்கள். சீழ் சிந்திய மண் அடுத்த ஆட்டுக்கு அதே கட்டியைக் கொடுக்கும்.

ஹீமாங்கஸுக்கு மருந்து கொடுக்கும்போது நடக்கும் தவறுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

முதல் தவறு அளவு. வெள்ளாட்டின் உடல் மருந்தைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றிவிடும். செம்மறிக்கு எழுதிய அளவை இதற்குக் கொடுத்தால் பாதிப் புழு பிழைத்து, அந்த மருந்துக்கே பழகிவிடும். அல்பெண்டசோலைப் பொறுத்தவரை வெள்ளாட்டுக்குக் கிலோவுக்கு 10 மி.கிராம் என்று கணக்கு வையுங்கள். 2.5 சதவீதக் கரைசலில் 1 மி.லி.யில் 25 மி.கிராம் இருக்கிறது; மேலே அளந்த 19 கிலோ ஆட்டுக்கு 7.6 மி.லி. சினையின் முதல் ஒன்றரை மாதத்தில் அல்பெண்டசோல் கூடாது. கரு சிதைந்து போகும். அதற்காக எல்லா மருந்தையும் கூட்டிக் கொடுக்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குளோசன்டெல் அளவு மீறினால் ஆடு குருடாகிவிடும், திரும்பப் பார்வை வராது. லெவாமிசோலுக்கும் நஞ்சாகும் அளவு பக்கத்திலேயே இருக்கிறது. அவற்றை மருத்துவர் எழுதிய அளவில் மட்டும்.

இரண்டாவது, மருந்தை மாற்றிவிட்டதாக நினைத்துக்கொள்வது. அல்பெண்டசோல் கேட்கவில்லை என்று பென்பெண்டசோல் வாங்குவது, ஒரே வீட்டின் கொல்லைக் கதவைப் போய்த் தட்டுவது போல. இரண்டும் ஒரே குடும்பம். ஒன்றுக்குப் பழகிய புழு மற்றதற்கும் சாகாது. உண்மையிலேயே மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறது. மருந்து கொடுக்கும் நாளில் ஐந்தாறு ஆடுகளின் ஆசனவாயிலிருந்தே புழுக்கை எடுத்துத் தனித்தனிக் கவரில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவில் கொடுத்து முட்டை எண்ணச் சொல்லுங்கள். 14 நாள் கழித்து அதே ஆடுகளில் மறுபடி எடுங்கள். முட்டை 95 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். குறையவில்லையென்றால் அந்த மருந்துக் குடும்பம் உங்கள் பட்டியில் செத்துவிட்டது.

மூன்றாவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மந்தை முழுவதற்கும் ஒரே நாளில் ஊற்றுவது. தென்னாப்பிரிக்காவில் உருவாக்கிய இமை நிற அட்டை ஒன்று இருக்கிறது, ஃபமாச்சா என்று பெயர். நல்ல சிவப்புக்கு 1, வெள்ளைக்கு 5. வெள்ளாட்டில் 3, 4, 5 உள்ளவற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்து, சிவந்த இமை உள்ளவற்றை விட்டுவிடுங்கள். அவற்றின் வயிற்றில் மருந்தைப் பார்க்காத புழு கொஞ்சம் இருக்கும். அவை வெளியே போய் மருந்துக்குப் பழகிய புழுவோடு கலந்தால்தான் மருந்து இன்னும் சில வருடம் ஓடும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இமை பார்க்க வேண்டும். 30 ஆட்டுக்கு அரை மணி நேர வேலை.

இமை முழுதும் வெளுத்த ஆட்டை அன்று மேய்ச்சலுக்கு ஓட்டாதீர்கள். மருந்து கொடுத்தபின் வழியிலேயே விழுந்து சாவது நடக்கும். பழி மருந்தின் மேல் விழும். நிழலில் கட்டி, அகத்தியும் கடலைப் பிண்ணாக்கும் கொடுத்துத் தேற்றுங்கள். மற்ற ஆடுகளையும் பனி உலர்ந்தபின் ஓட்டுங்கள். ஈரப் புல்லின் அடியிலிருந்து நாலைந்து விரல் உயரம் வரைதான் புழுக்குஞ்சு ஏறும். தழை கடித்து மேயும் ஆட்டைவிடப் புல்லை ஒட்ட மேயும் ஆட்டுக்குப் புழு அதிகம் சேர்வது அதனால்தான்.

இடது வயிறு உப்பியிருக்கிறது

இரண்டு நோய் இங்கே ஒரே மாதிரி தெரியும், வைத்தியம் வேறு வேறு. விரலால் சுண்டிப் பாருங்கள். பறை போல ஓசை வந்தால் காற்று. மாவு மூட்டையில் விரல் பதிவது போலக் குழி விழுந்தாலோ, குலுக்கினால் தண்ணீர் தளும்பும் சத்தம் வந்தாலோ தானியம் தின்ற கோளாறு.

காற்று என்றால் இடது பள்ளம் முதுகுக்கு மேலேயும் எழும்பி நிற்கும். ஆடு வாயைத் திறந்து மூச்சு வாங்கும், அடிக்கடி எழுந்து எழுந்து படுக்கும். பனியோடு வேலிமசால், குதிரைமசால், தட்டைப்பயறு தின்றால் வயிற்றுக்குள் நுரை கட்டும், ஏப்பம் வராது. முன்னங்கால்களை ஒரு படியில் ஏற்றி நிறுத்துங்கள். வேப்பங்குச்சியை வாயில் குறுக்காகக் கட்டினால் மென்றுகொண்டே இருக்கும். உமிழ்நீர் ஊறி ஏப்பம் வரும். 20 கிலோவுக்கு மேற்பட்ட ஆட்டுக்கு 50 முதல் 100 மி.லி. கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ கடைவாய் வழியாக மெதுவாக விட்டு, இடது வயிற்றை மேல்நோக்கித் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் நுரையை உடைக்கும். நுரை இல்லாத வெறும் காற்று என்றால் தொண்டையில் ஏதாவது சிக்கியிருக்கலாம். மாங்கொட்டைக் காலத்தில் இது சகஜம். கழுத்தின் இடப்பக்கத்தைத் தடவினால் கட்டி தட்டுப்படும். அப்போது எதையும் ஊற்றாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள், அவர் குழாய் விட்டுப் பார்ப்பார். நாக்கு நீலம் பாரித்து ஆடு சாய்ந்துவிட்டால், இடது பள்ளத்தின் நடுவில் துளையிட்டுக் காற்றை இறக்குவது ஒன்றே மிச்சம். அதற்கான ஊசிக்குழல் வைத்திருந்து, ஒருமுறை செய்து காட்டக் கற்றவர்கள் மட்டும் அதைச் செய்யலாம்.

இரண்டாவது வகைக்கு ‘கல்யாணச் சோறு’ என்றே பெயர் வைக்கலாம். பந்தியில் மிஞ்சிய சோறு, கவிழ்ந்த மக்காச்சோள மூட்டை, ரேஷன் அரிசி, கேழ்வரகுக் களி என்று ஏதோ ஒன்றை ஆடு வயிறு முட்டத் தின்றிருக்கும். மாவுச்சத்து இரைப்பையில் புளித்து அமிலமாகிறது. உடம்பிலுள்ள நீரையெல்லாம் அந்த அமிலம் வயிற்றுக்குள் இழுக்கிறது. அதனால்தான் கண் குழிந்து, வயிறு தளும்புகிறது. முதல் ஆறு மணி நேரம் ஆடு சும்மா மந்தமாகத்தான் நிற்கும். மறுநாள் புளித்த வாடையோடு சாம்பல் நிறக் கழிச்சல், தள்ளாட்டம், படுத்தால் எழ முடியாமை, 100 டிகிரிக்குக் கீழ் வெப்பம்.

இதற்கு எண்ணெய் உதவாது. சமையல் சோடாவைக் கிலோ எடைக்கு 1 கிராம் வீதம், அதாவது 20 கிலோ ஆட்டுக்கு 20 கிராம் (தலை தட்டிய தேக்கரண்டியில் நான்கு), 300 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கரைத்து மெதுவாகக் கொடுங்கள். தின்றது தெரிந்த உடனே, அறிகுறி வருவதற்குக் காத்திருக்காமல் கொடுத்தால்தான் முழுப் பலன். தானியம், தவிடு, கஞ்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மூன்று நாளைக்குக் காய்ந்த கடலைக்கொடி, சோளத்தட்டு மட்டும். படுத்துவிட்ட ஆட்டுக்கு நரம்பு வழியாக நீர் ஏற்றாமல் முடியாது. தேறிவரும் ஆட்டுக்கு அசை வரவில்லையென்றால், அறுப்புக் கடையில் நல்ல ஆட்டின் இரைப்பைச் சாற்றைச் சூடு ஆறுமுன் துணியில் வடிகட்டி அரை லிட்டர் கொடுப்பது கடையில் விற்கும் எந்தச் செரிமானப் பொடியையும்விட நன்றாக வேலை செய்யும். செத்துப்போன நுண்ணுயிர்களுக்குப் பதிலாக உயிருள்ளவை போய்ச் சேருகின்றன.

இரண்டு மூன்று நாள் கழித்து அதே ஆடு தலையை அண்ணாந்து வானத்தைப் பார்த்து நின்றாலோ, கண் தெரியாமல் சுவரில் முட்டினாலோ, வைட்டமின் பி1 குறைந்துவிட்டது. தயமின் ஊசி அன்றே போட்டால் பெரும்பாலும் மீளும்.

கழிச்சல்

வயதைக் கேட்காமல் கழிச்சலுக்கு மருந்து சொல்லக் கூடாது.

பிறந்து ஒரு வாரத்துக்குள் என்றால் சீம்பால் போதாமை, அழுக்குப் புட்டி, ஒரேயடியாக நிறையப் பால் கொடுத்தது இவற்றில் ஒன்று. மூன்று வாரம் முதல் நான்கு மாதம் வரையுள்ள குட்டி, வால் முழுக்க அப்பிக்கொண்டு, கருமையாகவோ இரத்தம் கலந்தோ கழிந்து, முக்கி முக்கி நின்றால் அது இரத்தக் கழிச்சல் நோய். காக்சிடியா என்ற ஓரணு உயிரி செய்யும் வேலை. புழு மருந்து எதுவும் இதைத் தொடாது. சல்பா வகை மருந்தோ ஆம்ப்ரோலியமோ மருத்துவர் சொல்லும் நாள் கணக்கு முழுவதும் கொடுக்க வேண்டும். இரண்டாம் நாளே கழிச்சல் நின்றாலும் நிறுத்தக் கூடாது. நோய் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் குட்டிகளின் தண்ணீர்ச் சட்டிக்குள் எட்டிப் பாருங்கள். அடியில் இரண்டு புழுக்கை கிடக்கும். தொட்டியைக் குட்டியின் முதுகு உயரத்துக்கு ஏற்றி, கால் வைக்க முடியாதபடி குறுக்குக் கம்பி அடித்து, தழையைத் தரையில் போடாமல் கட்டித் தொங்கவிட்டால் பாதி நோய் போய்விடும். பினாயில் ஊற்றுவது வீண்; இதன் முட்டை பினாயிலில் சாகாது. வெயிலும் ஈரமில்லாத தரையும்தான் அதற்கு எமன். தரையை நன்றாகக் காயவிடுங்கள்.

எந்தக் கழிச்சலானாலும் குட்டியைக் கொல்வது நீரிழப்புதான். கழுத்துத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படிய வேண்டும். மூன்று விநாடி கூடாரம் போல் நின்றால் நிறைய நீர் போய்விட்டது. கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து, வேளைக்கு 50 முதல் 100 மி.லி. வீதம் நாள் முழுக்கப் பிரித்துக் கொடுங்கள். பால் குடிப்பதையும் நிறுத்த வேண்டாம், இடைவெளி மட்டும் விடுங்கள்.

கழிச்சலோடு 104க்கு மேல் காய்ச்சல், மூக்கில் கெட்டிச் சளி, கண்ணில் பூளை, ஈறில் தவிடு ஒட்டியது போன்ற படிவு, வாயில் சகிக்க முடியாத நாற்றம், அதுவும் இரண்டு மூன்று ஆட்டுக்கு ஒரே நேரத்தில் என்றால் ஆட்டுக்கொல்லி நோய். இந்தியாவில் இது முதன்முதலில் 1987ல் கண்டறியப்பட்டதே இன்றைய விழுப்புரம் மாவட்டத்து அரசூரில்தான். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தடுப்பூசிக்கு அரசூர் 87 வகை வைரஸே அடிப்படை. வந்தபின் மருந்து இல்லை. துணை நோய்களுக்குத்தான் சிகிச்சை. நான்கு மாதம் ஆன குட்டிக்குத் தோலுக்கடியில் 1 மி.லி. போட்டால் மூன்று வருடம் தாங்கும். ஊசி போட்டும் வந்துவிட்டது என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் ஐஸ் பெட்டி. கரைத்த மருந்தை வெயிலில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனால், கடைசி வீட்டு ஆட்டுக்கு ஏறுவது வெறும் தண்ணீர். சந்தையில் வாங்கிய ஆட்டை 21 நாளாவது தனியே கட்டாமல் மந்தையில் விட்டது அடுத்த காரணம்.

கிடா முக்குகிறது, ‘மலச்சிக்கல்’ என்று விளக்கெண்ணெய் கொடுத்தாகிவிட்டது

உயிர் போகும் தவறான கணிப்புகளில் இது முக்கியமானது. காயடித்து, தவிடும் தானியமும் போட்டுக் கொழுக்க வைத்த கிடாவுக்கு மூத்திரக் கல் வரும். பக்ரீத்துக்குத் தயாராகும் நேரத்தில் நிறையப் பார்க்கலாம். முதுகை வளைத்து, பின்காலை அகட்டி, வாலை ஆட்டிக்கொண்டு முக்கும், முனகும், வயிற்றைக் காலால் உதைக்கும். மூத்திரமுடியில் உப்புப் பொரிந்தது போல் மணல் ஒட்டியிருக்கும். ஆட்டைக் காய்ந்த சிமெண்ட் தரையில் அரை மணி நேரம் கட்டிவையுங்கள். புழுக்கை விழுந்து, தரை நனையாமல் இருந்தால் கணிப்பு முடிந்தது. சொட்டுச் சொட்டாக நனைந்தாலும் அதே கணிப்புதான்.

இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. நிறையத் தண்ணீர் குடிக்க வைத்துக் கல்லைக் கரைக்கலாம் என்று நினைத்தால் பை இன்னும் சீக்கிரம் வெடிக்கும். ஒன்றிரண்டு நாளில் மூத்திரப்பை உடையும். அப்போது ஆடு வலி விட்டாற்போல அமைதியாகும். வயிறு இரண்டு பக்கமும் பேரிக்காய் போலத் தொங்கும். அதற்குள் மருத்துவரிடம் போய்விட வேண்டும். குறியின் நுனியில் நூல் போல நீண்டிருக்கும் பகுதியில்தான் கல் அடிக்கடி அடைக்கும். அதை வெட்டிவிட்டாலே பல கிடாக்களுக்குத் திறந்துகொள்ளும்.

வரக் காரணம் தவிடு. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. தீவனத்தில் இரண்டு பங்கு சுண்ணாம்புச் சத்துக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ் இருக்க வேண்டும். 100 கிலோ அடர்தீவனத்துக்கு 2 கிலோ சுண்ணாம்புக்கல் தூள், 1 கிலோ உப்பு, அரை கிலோ அம்மோனியம் குளோரைடு கலந்து, கடலைக்கொடி போன்ற பயறுவகைத் தீவனத்தைச் சேர்த்து, எப்போதும் சுத்தமான தண்ணீர் வையுங்கள். ஒரு மாதக் குட்டியிலேயே காயடித்தால் மூத்திரக் குழாய் குறுகியே நின்றுவிடும். மூன்று மாதம் கழித்துச் செய்வது நல்லது.

பிறந்த குட்டி எழவில்லை

விரலை வாய்க்குள் விடுங்கள். வாய் சூடாக இருந்து, விரலைச் சப்பினால் பால் கொடுக்கலாம். வாய் சில்லென்று இருந்தால் பால் கொடுக்கவே கூடாது. குளிர்ந்த குட்டிக்கு விழுங்கத் தெரியாது, பால் நுரையீரலுக்குப் போகும். முதலில் துடைத்து, சாக்கில் சுற்றி, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலைப் பக்கத்தில் வைத்து 100 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். பிறந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் பட்டினி கிடந்த குட்டியை வெறுமனே சூடாக்கினால் இருந்த கொஞ்ச சர்க்கரையும் எரிந்து வலிப்பு வரும். அதற்கு மருத்துவர் முதலில் குளுக்கோஸ் ஏற்றுவார்.

சூடு வந்தபின் சீம்பால். 2 கிலோ குட்டிக்கு முதல் ஆறு மணி நேரத்தில் 100 மி.லி.யாவது, முதல் நாளுக்குள் மொத்தம் 200 மி.லி.க்குக் குறையாமல். குட்டியை மல்லாத்திப் பிடித்துப் புட்டி வைக்காதீர்கள். தாய் மடியில் குடிக்கும் நிலையில், நின்றபடி, கழுத்து நீட்டிக் குடிக்க வேண்டும். தாய் நன்றாக இருந்தும் குட்டி பட்டினி என்றால் காம்பைப் பீய்ச்சிப் பாருங்கள். நுனியில் மெழுகு போல அடைத்திருக்கும். இரண்டு பீய்ச்சில் திறந்துவிடும். தொப்புளை டிஞ்சர் அயோடினில் முழுதாக முக்குங்கள். விட்டால் இரண்டு மூன்று வாரத்தில் மூட்டு வீங்கி நொண்டும்.

சினையாடு தின்னாமல் ஒதுங்குகிறது

ஈனுவதற்கு நாலைந்து வாரம் இருக்கும்போது, அதுவும் இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு, முதலில் அடர்தீவனத்தை விடும். பிறகு தழையையும் விடும். மூச்சில் பழுத்த பழ வாடை, பல் நறநறப்பு, கால் வீக்கம் இருந்தால் சினைக்கால நச்சு. கருப்பை வயிற்றை அடைத்துக்கொள்வதால் ஆட்டால் தேவையான அளவு தின்ன முடிவதில்லை. உடம்புக் கொழுப்பு உருகி ஈரல் திணறுகிறது. புரோபிலீன் கிளைக்கால் 60 மி.லி. நாளுக்கு இரண்டு வேளை. கிடைக்கும்வரை வெல்லக் கரைசல். படுத்துவிட்டால் மருத்துவர் குட்டியை வெளியே எடுக்க முடிவு செய்ய வேண்டியிருக்கும். சினை 150 நாள். கடைசி ஆறு வாரத்தில் தினம் 200 முதல் 300 கிராம் அடர்தீவனத்துக்குப் படிப்படியாக ஏற்றியிருந்தால் இது வருவது அபூர்வம்.

இருமல், சளி

விடியற்காலை கொட்டகைக் கதவைத் திறந்ததும் ஆட்டின் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து நாலு மூச்சு இழுங்கள். கண் எரிந்தால் உங்கள் ஆட்டின் சளிக்குக் காரணம் மூத்திர வாடைதான். பரணுக்கு அடியில் வாரியெடுக்காத எரு. காய்ச்சலும் கெட்டிச் சளியும் வேகமான மூச்சும் இருந்தால் நுரையீரல் தொற்று, அன்றே சிகிச்சை. மருந்து ஊற்றிய மறுநாள் ஒரே ஆட்டுக்கு மட்டும் இருமல் என்றால் மருந்து நுரையீரலுக்குப் போயிருக்கிறது. தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றியதன் பலன். மூக்கு, கண் மட்டத்துக்கு மேலே போகக் கூடாது. இருமினால் உடனே தலையை விட்டுவிட வேண்டும்.

மடி, பால்

முதல் இரண்டு பீய்ச்சைக் கறுப்புத் துணியில் விடுங்கள். திரி, தண்ணீர்த்தன்மை, இரத்தம் தெரிந்தால் மடிநோய். ஒரு பக்கம் சில்லென்று நீலமாகிவிட்டால் அந்தப் பக்கம் போனது போனதுதான், ஆட்டைக் காப்பாற்ற அவசர சிகிச்சை வேண்டும். பாலில் மொச்சை நாற்றம் அடித்தால் பொலிகிடாவைத் தள்ளிக் கட்டுங்கள்.

நொண்டல், வாய்ப்புண், முடி உதிர்வு

குளம்பிடுக்கில் நாற்றமும் சதைப் புண்ணும் இருந்தால் குளம்பழுகல். வளர்ந்த ஓரத்தைச் சீவிவிட்டு, 10 லிட்டர் நீரில் 1 கிலோ துத்தநாக சல்பேட் கரைத்த தொட்டியில் பத்து நிமிடம் நிறுத்தி, காய்ந்த தரையில் விடுங்கள். வாயிலும் காலிலும் சேர்ந்து புண், காய்ச்சல், பல ஆடு என்றால் கோமாரி. உதட்டோரத்தில் மட்டும் பொருக்குப் பொருக்காக இருந்தால் தொற்று வாய்ப்புண். மூன்று நான்கு வாரத்தில் தானே ஆறும். போரிக் அமிலம் கலந்த கிளிசரின் தடவலாம், கையுறை போட்டுக்கொண்டு. இது மனிதக் கைக்கும் ஒட்டும்.

அரிப்போடு தோல் தடித்தால் சொறி. ஐவர்மெக்டின் 1 சதவீத ஊசி 50 கிலோவுக்கு 1 மி.லி. கணக்கில் தோலுக்கடியில், 14 நாள் கழித்து மறுபடி. அந்த ஆட்டின் பாலை வீட்டுக்கு எடுக்கக் கூடாது. அரிப்பே இல்லாமல் கொத்துக் கொத்தாக முடி கையோடு வந்தால் தீவனத்தைப் பாருங்கள். சவுண்டல் தழை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருக்கும்.

ஒரு அறிகுறியும் இல்லாமல் செத்துக் கிடக்கிறது

மந்தையிலேயே கொழுத்த குட்டி, மழைக்குப் பின் துளிர்த்த புல்லை மேய்ந்துவிட்டு, இரவில் துள்ளி விழுந்து செத்தால் துள்ளுமாரி. தடுப்பூசியை மழைக்கு முன்பே போட வேண்டும். முதல்முறை போடும் குட்டிக்கு 14 முதல் 21 நாளில் இரண்டாவது ஊசி கட்டாயம். அந்த இரண்டாவதை விட்டுவிட்டு ஊசி சரியில்லை என்பவர்களே அதிகம்.

சோளக்காட்டில் புகுந்த கால் மணி நேரத்தில் நாலைந்து ஆடு ஒன்றாக விழுந்தால் சயனைடு நஞ்சு. காய்ந்து வாடிய இளஞ்சோளத்திலும், அறுத்தபின் துளிர்த்த மறுதாம்பிலும் அது அதிகம். வாடிய மரவள்ளி இலையிலும் உண்டு. இரத்தமும் ஈறும் பளிச்சென்று சிவந்திருக்கும். உயிரோடு இருப்பவற்றை வெல்லக் கரைசல் கொடுத்து நிழலில் வையுங்கள். சோடியம் தயோசல்பேட் ஊசிக்குக் கால்நடை அவசர உதவித் தொலைபேசி எண்ணான 1962க்கு உடனே அழையுங்கள். ‘சோளம் தின்றது’ என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். வரும்போதே மருந்தோடு வருவார்கள்.

மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு இரத்தம் வடிந்து, வயிறு சீக்கிரமே ஊதியிருந்தால் அடைப்பான். தோலை உரிக்காதீர்கள், வயிற்றைக் கிழிக்காதீர்கள், கறியைப் பங்கு போடாதீர்கள். கிருமி காற்றைப் பார்த்தால் விதையாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும், வெட்டியவருக்கும் வரும். கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டு, ஆறடிக் குழி வெட்டி, மேலும் கீழும் சுண்ணாம்பு போட்டு, இரத்தம் சிந்திய மண்ணையும் வழித்து அதே குழியில் தள்ளி மூடுங்கள். மீதி ஆடுகளை அந்த மேய்ச்சல் இடத்திலிருந்து அன்றே மாற்றுங்கள்.